லட்சுமிகாந்தன் வழக்கு: பாகவதர் வெளிவந்தது எப்படி?

லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்ற நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதர் விடுதலையானது மன்னிப்பினால் அன்று, நீதிமன்றத் தீர்ப்பினால். 'கருணை மனு கொடுத்து வெளியே வந்தார்' என்று உங்கள் தாத்தா சொல்வதாகக் கேட்டிருந்தீர்கள்; அது தவறு. 1945 மே மாதத்தில் அவருக்கும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. பின்னர், அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதை மீண்டும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

இந்தக் குழப்பத்திற்குப் பெரும்பாலும் செய்தி வந்த விதமே காரணமாக இருக்கும். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில், ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த 'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகை அது என்பதால், கொலைக்கு முன்பே ஊர் வாயில் பாதிக் கதை தயாராக இருந்தது. கைதும் தண்டனையும் அந்தக் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தின. பாகவதர் சிறைக்குப் போன பிறகும் பிராட்வே திரையரங்கில் அவர் நடித்த 'ஹரிதாஸ்' படம் தொடர்ந்து ஓடி, மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு வந்த ஒரு சட்டத் தீர்ப்பு எத்தனை பேர் மனத்தில் பதிந்திருக்கும்?

சரிபார்க்க, சென்னை கன்னிமாரா நூலகத்தில் 1945 மே, 1947 ஏப்ரல் மாத நாளிதழ்களைக் கேட்டு, இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

ஒன்று மட்டும்: குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதே அத்தீர்ப்பின் பொருள். கொன்றவர் யார் என்பதற்கு அதில் விடை தேடாதீர்கள்.