யானை வாங்கியாச்சு, முகபடாமும் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 39 வயது. பல வருடங்களாக ஆசைப்பட்ட பிஎம்டபிள்யூ எம்3 செடானை வாங்க இப்போதுதான் வசதி வந்திருக்கிறது. விலையில் பாதியைக் கையிலிருந்து கட்டிவிட்டு, மீதிக்கு 5 வருடக் கடன் எடுப்பதாகத் திட்டம். ஷோரூமில் கார்பன் செராமிக் பிரேக், கார்பன் வெளிப்புறப் பேக்கேஜ், கார்பன் பக்கெட் இருக்கைகள், உச்ச வேகத்தைக் கூட்டும் பேக்கேஜ், டிரைவர் உதவி பேக்கேஜ், மேட் பெயின்ட் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்குக் கொடுத்தார்கள். விலை 26 சதவீதம் ஏறிவிட்டது. "யானையே வாங்கியாச்சு, அங்குசத்துக்கு யோசிக்கலாமா? தவணை கொஞ்சம்தான் கூடும், விற்கும்போது எல்லாம் திரும்ப வந்துவிடும்" என்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் தவணையைக் கட்டினால் மகளின் படிப்புக்காக மாதாமாதம் போடும் முதலீட்டை நிறுத்த வேண்டியிருக்கும். வருடத்தில் இரண்டு மூன்று நாள் ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் உண்டு. இந்தச் செலவு தகுமா?

பதில்: முதலில் வாழ்த்துகள். இவ்வளவு நாள் காத்திருந்து, பாதிப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு இந்த மாதிரிக் காரை வாங்கப் போகிறவர்கள் குறைவு. கார் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த 26 சதவீதத்தில் 24 வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். காரணத்தையும் கணக்கோடு சொல்கிறேன்.

ஷோரூமில் சொன்ன பழமொழியிலிருந்தே தொடங்கலாம். அங்குசம் இல்லாமல் யானையை நடத்த முடியாது, உண்மைதான். ஆனால் உங்கள் பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அங்குசம் இல்லை, முகபடாம். யானைக்கு அழகு சேர்க்கும், நடக்க உதவாது. எது அங்குசம், எது முகபடாம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தலையாட்டுவதுதான் ஆபத்து.

"தவணை கொஞ்சம்தான் கூடும்" என்பதை முதலில் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இதுதான். காரின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 50 கட்டுகிறீர்கள், 50 கடன். ஆப்ஷன்களோடு விலை 126 ஆகிறது. கையில் இருப்பது அதே 50தான். அப்படியானால் கடன் 76. விலை ஏறியது 26 சதவீதம்; கடன் ஏறியது 52 சதவீதம்! வட்டி 9 சதவீதம், 60 மாதம் என்று போட்டால், மாதத் தவணை 1.04லிருந்து 1.58க்குப் போகிறது. அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். இதைக் 'கொஞ்சம்' என்று யாரும் சொல்ல முடியாது. ஆப்ஷன் பணம் முழுவதும் கடன் பக்கமாகவே போய் உட்காருகிறது என்பதை ஷோரூமில் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். கேட்கவும் நமக்குத் தோன்றாது.

சரி, இனி பட்டியலுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய கணக்கை அதே 100க்கு மாற்றினால் செராமிக் பிரேக் 9, வெளிப்புறக் கார்பன் 5, இருக்கைகள் 4, உச்ச வேகம் 3, மேட் பெயின்ட் 3, டிரைவர் உதவி 2.

பிரேக்தான் பெரிய தொகை. டிராக் ஆசையைச் சொல்லித்தான் அதை உங்களிடம் விற்கப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கார்பன் செராமிக் தட்டு, அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க், நல்ல பொருள், அதில் சந்தேகமே இல்லை. இரும்புத் தட்டைவிட எடை மிகக் குறைவு, துருப்பிடிக்காது, சக்கரத்தில் கறுப்புத் தூசி அதிகம் படியாது, திரும்பத் திரும்பக் கடுமையாகப் பிரேக் போட்டாலும் பிடி தளராது. சாதாரண சாலையில் மட்டும் ஓட்டினால் பல வருடம் உழைக்கும். ஆனால் சாதாரண சாலையில் ஓட்டுபவருக்கு அந்தத் திறன் தேவையே இல்லை. டிராக்கில் தொடர்ந்து ஓட்டுபவருக்கோ வேறு சிக்கல். கடும் சூட்டில் தட்டில் உள்ள கார்பன் எரிந்து போகும். தட்டை எடை போட்டுப் பார்த்துத்தான் தேய்மானத்தைக் கணக்கிடுவார்கள். மாற்ற வேண்டிய நாள் வந்தால் செலவு இரும்புத் தட்டைப்போலப் பல மடங்கு. அடிக்கடி டிராக்குக்குப் போகும் பலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு இரும்புத் தட்டைப் போட்டு ஓட்டுவது இதனால்தான்.

என் வாடிக்கையாளர் ஒருவரோடு பட்டறைக்குப் போயிருந்தபோது, செராமிக் தட்டு உள்ள காரில் சக்கரம் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். போல்ட்டைக் கழற்றிய துளையில் முதலில் ஒரு நீண்ட வழிகாட்டிக் கம்பியைத் திருகினார் மெக்கானிக். சக்கரத்தை அதன் மேல் மெதுவாக வழுக்கவிட்டு, குழந்தையை வாங்குவது போல இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். சக்கரம் லேசாகச் சரிந்து தட்டின் விளிம்பில் இடித்தால் போதும், ஓரம் பெயர்ந்துவிடும் என்றார். வாடிக்கையாளருக்கு அதுவரை இது தெரியாது. வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றப் போகிறவர் யார், அவருக்கு இது தெரியுமா என்ற கவலை அன்றைக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் டிராக்குக்குப் போவதற்கு, இந்தக் காரோடு வரும் இரும்புப் பிரேக்கே தாங்கும். அதிகச் சூடு தாங்கும் பிரேக் பேடும், புதிதாக மாற்றிய பிரேக் ஆயிலும் இருந்தால் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் டிராக் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். தொடக்கநிலையில் ஓட்டுபவர்களைப் பயமுறுத்துவது பெரும்பாலும் இதுதான், தட்டின் வகை இல்லை. இதற்கு ஆகும் செலவு அந்த 9இல் ஒரு சிறு துளி.

உச்ச வேகப் பேக்கேஜைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 250 கிலோமீட்டரில் பூட்டி வைத்திருக்கும் வேகத்தை 290க்குத் திறந்துவிடுகிறார்கள். அந்த 250 என்பதும் எஞ்சினின் எல்லை இல்லை. ஜெர்மன் நிறுவனங்கள் 1980களின் கடைசியில் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வரம்பு. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதிகளைத் தவிர, பொதுச் சாலையில் இதைப் பயன்படுத்த அநேகமாக இடமில்லை. பல நாடுகளில் இந்தப் பேக்கேஜோடு ஒரு ஓட்டுநர் பயிற்சியும் தருகிறார்கள், அதுதான் இதில் உருப்படியான பகுதி. அதைத் தனியாகவே கற்றுக்கொள்ளலாம்.

இருக்கைகள். கார்பன் பக்கெட் இருக்கை இரண்டும் சேர்ந்து மிச்சப்படுத்தும் எடை 9.6 கிலோ. காரின் எடை சுமார் 1,730 கிலோ. பார்க்க அவ்வளவு அழகு, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இருக்கையில் இரண்டு தொடைகளுக்கு நடுவே கார்பன் போர்த்திய ஒரு மேடு இருக்கும், பக்கச் சுவர்களும் உயரம். இதே இருக்கையோடு கார் வாங்கிய ஒருவர், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி வெளியே வைப்பார். வயதான அவருடைய அம்மா அந்தக் காரில் முன்னால் உட்காருவதே இல்லை. காரை வாங்கி எட்டு மாதத்துக்குள், பழைய சாதாரண இருக்கை எங்காவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்துவிட்டார். உங்களுக்கு இது பிடித்தும் போகலாம், உடம்புக்கு உடம்பு மாறும். ஆனால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை இது.

வெளிப்புறக் கார்பனும் மேட் பெயின்ட்டும் முழுக்க முகபடாம். ஸ்பாய்லர், கண்ணாடி உறை போன்றவற்றைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். இன்று கடன் வாங்கி மாட்ட வேண்டியதில்லை. முன்பக்கக் கார்பன் பாகம் ஒரு வேகத்தடையில் உரசினால் அதை மாற்றும் செலவும் தனி. மேட் பெயின்ட்டைப் பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும். கீறல் விழுந்தால் அந்தப் பலகை முழுவதையும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவும் இடத்துக்கும் கொண்டுபோகக் கூடாது. இப்படி வாங்கிய பிறகும் செலவு வைத்துக்கொண்டே இருக்கும் ஆப்ஷனை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சுவது டிரைவர் உதவி பேக்கேஜ். இதை வாங்குங்கள். பட்டியலிலேயே விலை குறைந்தது இதுதான். தினமும் பயன்படுவதும் இதுதான். நெரிசலில் முன்னால் போகும் காருக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது போன்றவை நீண்ட பயணத்தின் களைப்பைக் குறைக்கும். ரேடார், கேமரா எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்த வேண்டியவை, பிறகு சேர்ப்பது பெரும் சிரமம். ஆப்ஷன் எதுவாக இருந்தாலும் நான் பார்ப்பது இந்த இரண்டைத்தான்: பிறகு சேர்க்க முடியாததா, வாரத்தில் பல நாள் கை படப் போகிறதா. இரண்டுக்கும் ஆம் என்றால் அது அங்குசம்.

அப்புறம், "விற்கும்போது திரும்ப வந்துவிடும்" என்ற பேச்சு. பழைய கார் வாங்குபவர் முதலில் பார்ப்பது மாடல், வருடம், ஓடிய தூரம், விபத்து வரலாறு. ஆப்ஷன்கள் காரைச் சீக்கிரம் விற்க உதவலாம். போட்ட பணத்தைத் திருப்பித் தருவது அரிது. வயதான செராமிக் பிரேக்கைப் பார்த்து, மாற்றும் செலவு தன் தலையில் விழுமே என்று தயங்குபவர்களும் உண்டு. தாராளமாகவே வைத்து, ஆப்ஷன் விலையில் கால் பங்கு திரும்பக் கிடைக்கும் என்று போடுகிறேன். நான் வேண்டாம் என்று சொன்னவற்றின் மொத்தம் 24. அதைக் கடனில் வாங்கினால் மாதம் 0.5 வீதம் 60 மாதத்தில் நீங்கள் கட்டுவது கிட்டத்தட்ட 30. விற்கும்போது வருவது 6. அதே 0.5ஐ மாதாமாதம் மகளின் கணக்கில் போட்டு, வருடத்துக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 5 வருட முடிவில் சுமார் 36 இருக்கும். ஒரு பக்கம் 6, இன்னொரு பக்கம் 36. வித்தியாசம் 30, அதாவது இந்தக் காரின் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வட்டியும் வளர்ச்சியும் நான் உதாரணத்துக்கு எடுத்தவை, உங்கள் வங்கி சொல்வதை வைத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். இடைவெளி பெரிதாகக் குறையாது.

இதெல்லாம் போக, வரியும் காப்பீடும் பெரும்பாலும் ஆப்ஷன்களைச் சேர்த்த விலை மீதுதான் கணக்கிடப்படும்.

நிறுவனங்கள் இவ்வளவு ஆப்ஷன்களை ஏன் அடுக்குகின்றன என்று யோசிக்கிறீர்களா? ஃபெராரியைப் பாருங்கள். வாங்குபவர் தன் விருப்பத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் அம்சங்களிலிருந்து மட்டும், கார் மற்றும் உதிரிபாக வருவாயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வருவதாக அந்த நிறுவனமே முதலீட்டாளர்களிடம் சொல்கிறது. 2022இல் பிஎம்டபிள்யூ, காரில் ஏற்கெனவே பொருத்தியிருந்த இருக்கைச் சூடேற்றியை இயக்கச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த வருடம் கைவிட்டது. அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள், அதில் தப்பில்லை. நம் கணக்கை நாம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசைக்குச் செலவு செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் காரே ஆசைக்காக வாங்குவதுதான், அது நியாயமான ஆசை. அந்த ஆப்ஷன்கள் எல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்று மனது கேட்டால், அதற்கும் நல்ல வழி இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் ஓடிய, எல்லாம் சேர்த்த எம்3 ஒன்றைத் தேடுங்கள். முதல் உரிமையாளர் முழு விலை கொடுத்து வாங்கிய பிரேக்கும் இருக்கையும் உங்களுக்குச் சொற்ப விலையில் வரும். வாங்கும் முன் பிரேக் தட்டின் தேய்மானத்தை அளந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிய கார்தான் வேண்டும் என்றால், டிரைவர் உதவியோடு 102இல் முடித்துக்கொள்ளுங்கள். டிராக்குக்கு ஒரு செட் நல்ல டயர், பேட், ஒரு நாள் பயிற்சி ஆகியவற்றுக்குக் கடன் இல்லாமல் கையிலிருந்து செலவு செய்யுங்கள். காரை வேகமாக ஓட்ட வைப்பதில் டயருக்கும் பயிற்சிக்கும் ஈடாக எந்தப் பேக்கேஜும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் ஷோரூமில் இரண்டு கணக்கை எழுத்தில் கேளுங்கள்: ஒன்று 102க்கு, இன்னொன்று 126க்கு. இரண்டிலும் மாதத் தவணையைப் பார்க்காமல், 60 மாதத்தில் கட்டும் மொத்தத் தொகையைப் பாருங்கள். பக்கெட் இருக்கை மீது இன்னும் ஆசை இருந்தால், அது பொருத்திய டெமோ காரை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு வந்து, நான்கைந்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள்.