மைஎஸ்கியூஎல் 5.7 நன்றாகத்தானே ஓடுகிறது, புதிய பதிப்புக்கு மாற வேண்டுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை என்று நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் இடங்களில், பில்லிங், கணக்கு டேட்டாவைச் சேமித்து வைக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைப் பற்றிப் பாதிப் பேர் கேட்பது இதுதான். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது, அதைய ஏனுங்க நோண்டோணும்?" என்பார்கள். ஓடுவது உண்மைதான். ஆனால் 5.7-க்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. இனி பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தாலும் அடைத்துத் தர மாட்டார்கள். 8.0-க்கும் 2026 ஏப்ரல்தான் கெடு. ஆகவே மாறுவதென்றால் 8.4 வரை போய்விடுங்கள். நேராகத் தாவ முடியாது, 8.0-இல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

புதிதாக என்ன வசதி வந்திருக்கிறது என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் இன்னும் போன் எடுக்கிறாரா? முதலில் அதைத்தான் கேட்பேன். கணக்கு சாப்ட்வேர்களில் 'குரூப்ஸ்' என்று ஒரு டேபிள் இருப்பது சகஜம். 8.0-இல் அந்தச் சொல்லை மைஎஸ்கியூஎல் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. பெயரைச் சுற்றி அதற்குரிய மேற்கோள் குறி போடாத குவெரி (டேட்டாவைக் கேட்டு சாப்ட்வேர் அனுப்பும் கட்டளை) அத்தனையும் எர்ரர் அடிக்கும். உள்ளே போய்த் திருத்த ஆள் வேண்டுமல்லவா?

எர்ரர் வந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். சத்தமில்லாமல் மாறுவதுதான் தொல்லை. 5.7-இல் குவெரியில் 'குரூப் பை' (ஒரே பெயரில் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொல்வது) போட்டாலே பார்ட்டி பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். 8.0-இல் அந்தத் தானாக வரும் வரிசையை எடுத்துவிட்டார்கள். 'ஆர்டர் பை' என்று தனியாகச் சொன்னால்தான் வரிசை. ஒரு பார்ட்டியின் லாட்டுகள் அடுத்தடுத்து வரும் என்று நம்பி, பெயர் மாறும் இடத்தில் இடைமொத்தம் போடும் ரிப்போர்ட்டாக இருந்தால் தொகையே தப்பாக வரும். எர்ரர் எதுவும் வராது.

அதனால் பழைய மெஷின் ஒன்றில் புதிய பதிப்பைப் போட்டு, நேற்றைய பேக்கப்பை ஏற்றி, போன மாத ரிப்போர்ட்டுகளை அதிலும் எடுத்து, பழையது, புதியது இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பாருங்கள். செட்டிங் பைலில் குவெரி கேஷ் (முன்பு கேட்ட குவெரியின் விடையை நினைவில் வைத்திருந்து தருவது) வரி இருந்தால் நீக்கிவிடுங்கள். அந்த வசதியே இப்போது இல்லை. வரி இருந்தால் சர்வர் கிளம்பாது. பழைய பாஸ்வேர்டு முறையும் 8.4-இல் அணைத்தே வருகிறது, அதையும் கவனியுங்கள்.

எல்லாம் பொருந்தினால் நாள் பார்க்கலாம். சனிக்கிழமை வேண்டாம், வாரச் சம்பளம். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கான 11, 20 தேதிகள் கழிந்த ஞாயிறு நல்லது. சர்வரை நிறுத்தி டேட்டா போல்டரை அப்படியே காப்பி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். 8.0 ஒருமுறை திறந்த டேட்டாவை 5.7 திரும்ப ஏற்காது.

சாப்ட்வேர் எழுதியவர் போன் எடுக்காவிட்டால்? நான் மாற்ற மாட்டேன். வேறு சாப்ட்வேர் பார்க்கச் சொல்வேன். அதுவரை அந்த மெஷினை இன்டர்நெட் பக்கமே விடாதீர்கள்.