பொறுக்குற குப்பை எங்க போகுதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

வாசகர் கேள்விகள் – அக்கா பதில்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க அஸ்தம்பட்டி பக்கம் அபார்ட்மெண்ட்ல இருக்கோம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்னிக்கு குழந்தைங்களையும் சேத்து முப்பது பேர் ஏற்காடு மலைரோட்டுல பிளாஸ்டிக் பொறுக்கப் போலாம்னு பேசியிருக்கோம். எனக்கு ரொம்ப ஆசை, ஆனா வீட்டுக்காரர் "ஒரு நாள் போய் போட்டோ எடுத்துட்டு வந்தா மலை சுத்தமாயிருமா"ன்னு கேக்குறார். போலாமா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: கண்டிப்பா போங்க கண்ணு. ஆனா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்த முடிவு பண்ணிட்டு போங்க, பொறுக்குன குப்பைய அன்னிக்கு சாயங்காலம் யாரு, எந்த வண்டியில, எங்க கொண்டு போறாங்கன்னு.

ஏன் இத அழுத்தி சொல்றேன்னா நான் மொத தடவ போனப்ப நடந்தது அப்படி. இருபது பேர் காலையில ஏழு மணிக்கு அடிவாரத்துலருந்து ஆரம்பிச்சு மூணாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் பொறுக்கினோம், மதியத்துக்குள்ள முப்பத்தெட்டு சாக்கு சேந்துருச்சு, எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம். சாக்க வாய்கட்டி ரோட்டோரமா அடுக்கி வச்சிட்டு வந்தோம், வண்டி அனுப்புறோம்னு சொன்னவங்க அன்னிக்கும் அனுப்பல மறுநாளும் அனுப்பல. மூணாம் நாள் மனசு கேக்காம போய் பாத்தா குரங்குங்க சாக்கெல்லாம் கிழிச்சு போட்டு, ராத்திரி பெஞ்ச மழையில பாதி குப்பை ஓடையில இறங்கியிருந்துச்சு. ரோட்டோரம் சிதறிக் கெடந்தத நாங்களே ஒண்ணா சேத்து ஓடைக்குள்ள தள்ளின மாதிரி ஆயிருச்சு. அன்னிக்கு அழுதுட்டேன்.

அந்த ஓடை எங்க போகுதுன்னும் யோசிங்க. நம்ம திருமணிமுத்தாறு பொறக்குறதே ஏற்காடு இருக்கிற இந்த சேர்வராயன் மலையிலதான், டவுனுக்குள்ள ஓடி நாமக்கல் பக்கம் போய் காவிரியில சேருது. மேல ஏற்காடு ஏரியிலயும் அதே கதைதான், ஏரி நெறஞ்சு வழியுற தண்ணிதான் கிளியூர் அருவியா விழுது, ஏரிக்கரையில தூக்கிப்போட்ட டம்ளர் அருவியில போய் நிக்கும்.

அதனால வண்டிய மொதல்ல பேசிருங்க. உங்க வீட்டுக்காரருக்கு இந்த வேலையவே குடுங்க, ஒரு குட்டியானை வண்டி வாடகைக்கு பிடிச்சு கடைசி சாக்கு இறங்குற வரைக்கும் அவர் கூட இருக்கட்டும். அங்கயே பிரிச்சு போடுங்க, தண்ணி பாட்டில் தனி, கண்ணாடி பாட்டில் தனி, சிப்ஸ் பிஸ்கட் கவர் தனி. தண்ணி பாட்டில பழைய இரும்புக்கடையில எடை போட்டு எடுத்துக்குவாங்க. சிப்ஸ் கவரத்தான் யாரும் வாங்க மாட்டாங்க, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கிட்ட படலம் அது, பிரிச்செடுக்க முடியாது, சிமெண்ட் ஆலை சூளையில எரிக்கிறதுக்குத்தான் போகும். மாநகராட்சியில முன்னாடியே பேசி எடுத்துக்குவாங்களான்னு கேட்டு வச்சுக்குங்க. உண்ணிச்செடி வேருக்கு அடியிலருந்து நான் ஒரு கவர இழுத்தேன், மண்ண தொடச்சு பாத்தா தேதி நாலு வருஷத்துக்கு முந்தினது, மேல இருந்த செவப்பு கலர் கூட மங்கல. உப்பும் எண்ணெயும் ஒட்டின இந்த கவரத்தான் காட்டெருமை நக்கி அப்படியே முழுங்குது, உள்ள போனா செரிக்காது, வயித்துலயே தங்கிரும்.

குழந்தைங்கள தயவுசெஞ்சு மலைரோட்டுல இறக்காதீங்க. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, திரும்புற பஸ்காரருக்கு குனிஞ்சு பொறுக்குற புள்ள தெரியாது. ஒடஞ்ச பாட்டில் சில்லு எல்லா எடத்துலயும் கெடக்கு, பெரியவங்களுக்கே கெட்டியான கிளவுஸும் ஷூவும் வேணும், கல்ல பொரட்டாதீங்க தேள் இருக்கும். புள்ளைங்க மேல ஏரிக்கரையில பெரியவங்க துணையோட பொறுக்கட்டும், இல்லன்னா எந்த கவர் எத்தனைன்னு நோட்டுல எண்ணி எழுதட்டும், அந்த கணக்கு உங்க அபார்ட்மெண்ட்ல என்னத்த வாங்குறத நிறுத்தணும்னு காட்டிரும். ரோட்டோரத்த தாண்டி உள்ள இறங்குறதா இருந்தா வனத்துறைகிட்ட கேக்காம இறங்கக்கூடாது. அப்புறம் பேனர் துணியில எழுதுங்க, பிளெக்ஸ் வேணாம், தண்ணிக்கு கேனும் சில்வர் டம்ளரும் போதும்.

கேள்வி: அக்கா, நான் கன்னங்குறிச்சி, காலேஜ் படிக்கிறேன். போன வருஷம் ஜூன் 5க்கு நூறு கன்னு நட்டோம், இப்ப ஏழுதான் உயிரோட இருக்கு. இந்த வருஷமும் நடச் சொல்றாங்க, எனக்கு மனசே வரல. – ஒரு மாணவர்

பதில்: தம்பி, ஏழு பொழச்சிருக்கே, மொதல்ல அதுக்கு போய் தண்ணி ஊத்துங்க. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு நம்மாளுங்க சும்மா சொல்லல. 1972ல ஸ்டாக்ஹோம்ல உலக நாடுங்க கூடிப் பேசினதுல வந்த தேதி ஜூன் 5, அது நம்ம ஊரு மழைய பாத்து வச்சது இல்ல. சேலத்துல நல்ல மழை ஆவணி புரட்டாசியிலதான் புடிக்கும், ஜூன்ல நட்டா அதுவரைக்கும் நீங்கதான் ஊத்தணும், லீவு முடிஞ்சு காலேஜ் தொறக்குற நேரத்துல யாரு ஊத்துவா?

அன்னிக்கு குழி எடுங்க, ரெண்டடிக்கு ரெண்டடி, ஆழமும் ரெண்டடி, எரு போட்டு ஆற விடுங்க. மிச்ச நேரத்துல ஏரிக்கு தண்ணி வர்ற வாய்க்கால்ல அடைச்சிருக்கிற பிளாஸ்டிக்க எடுங்க. உங்க ஊரு மூக்கனேரிக்கே மலைத்தண்ணிதான் வருது, 2010ல சேலம் மக்கள் குழு அந்த ஏரிய எடுத்து தூர் வாரி, வாரின மண்ணையே நடுவுல திட்டு திட்டா குவிச்சு அதுல மரம் வச்சாங்க, இன்னிக்கு பறவைங்க வந்து அடையுதுன்னா அது ஒரு நாள் வேலை இல்ல தம்பி, வாராவாரம் ஆளுங்க வந்து செஞ்சது.

கன்னு ஆவணியில வைங்க, நூறு வேணாம், பத்து பேருக்கு பத்து. கரைக்கு நீர்மருது, புங்கன், நாவல், பூவரசு. கரை ஓரத்துக்கு பனங்கொட்டை, அது நம்ம மாநில மரம், தண்ணி ஊத்தாமயே வந்துரும். கன்னு நடறப்ப கருப்பு கவர கிழிச்சு எடுத்துட்டுத்தான் நடணும், கவரோட வச்ச கன்னு எத்தனையோ நான் தோண்டி பாத்திருக்கேன், வேரு உள்ளயே சுருண்டு போய் கெடந்துச்சு. சுத்தி முள்ளு கட்டலன்னா ஆடு ஒரே நாள்ல மேஞ்சிரும்.

கேள்வி: அக்கா, ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் வண்டி வச்சிருக்கேன். சுற்றுச்சூழல் தினத்துக்கு நடத்துற விழாவுல கடை போட கூப்பிட்டிருக்காங்க. பேப்பர் பிளேட்டுல வச்சு குடுக்கலாமா? – ஒரு வியாபாரி

பதில்: அண்ணா, பளபளன்னு இருக்கிற பேப்பர் பிளேட்டுல பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், 2019 ஜனவரி 1லருந்து தமிழ்நாட்டுல தடை பண்ணின சாமான்ல அதுவும் ஒண்ணு, பூச்சு போட்ட கப்பும் அப்படித்தான். நம்ம மாவட்டத்துலயே வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத்தோப்பு இருக்கு, உதிர்ந்த மட்டைய சூட்டுல அழுத்தி தட்டு செய்யறாங்க, சின்ன சைஸ் கேட்டு வாங்குங்க. அதுவும் கட்டுப்படியாகலன்னா வாழையிலைய உள்ளங்கை அகலத்துக்கு நறுக்கி வைங்க. தட்டுவடை, மேல பீட்ரூட் கேரட்டு, ரெண்டு சட்னி, மூடி இன்னொரு தட்டுவடை, அவ்ளோதான, கையில குடுத்தா வாயில போயிரும், தட்டுக்கே பெருசா வேலை இல்ல. பார்சல் கேக்குறவங்கள டப்பா கொண்டு வரச்சொல்லி வண்டியில எழுதி மாட்டுங்க, டப்பாவோட வர்றவங்களுக்கு ஒரு தட்டுவடை சேத்து குடுங்க, அடுத்த வாரமும் டப்பா கொண்டு வருவாங்க.