மகளின் நர்சிங் படிப்பும் மூன்று அடகு ரசீதுகளும்

கேள்வி: என் கணவர் நூற்பாலையில் வேலை செய்கிறார், மாதச் சம்பளம் ரூ.18,000. தையல் வேலையில் எனக்கு ரூ.7,000 கிடைக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து பிளஸ் டூ முடித்த எங்கள் மகள், மருத்துவமனையோடு இணைந்த பள்ளியில் மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ படிக்க விரும்புகிறாள். அரசு இடத்துக்கு விண்ணப்பிக்கிறோம். கிடைக்காவிட்டால், பக்கத்து நகரில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்தும் நர்சிங் பள்ளி இருக்கிறது. அங்கே விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ரூ.90,000 ஆகும், இப்போதே ரூ.25,000 கட்டினால் இடம் ஒதுக்கி வைப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் சேமிப்பு ரூ.1,20,000. என் தம்பியின் கடைக்காக என்னுடைய ஆறு பவுன் நகை, இரண்டிரண்டு பவுனாக மூன்று ரசீதில், ரூ.3 லட்சத்துக்கு வங்கியில் அடகில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக நாங்கள்தான் 12 சதவீத வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். அவன் இப்போது எடுக்கவிருக்கும் தனிநபர் கடனுக்கு என் கணவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறான். கல்விக் கடன் என்றாலே எங்களுக்குப் பயம். சேமிப்பை மருத்துவத் துறைப் பங்கு ஃபண்டில் போட்டால் கட்டணம் அதிலேயே வந்துவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்: கல்விக் கடன் என்றாலே பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூன்று ஆண்டுகளாக நீங்கள் ஒரு கடனைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தப் பணம் உங்கள் குடும்பத்துக்குச் செலவாகவில்லை என்பதால் அது உங்களுக்குக் கடனாகத் தெரியவில்லை. ரூ.3 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ரூ.36,000. மூன்று ஆண்டுகளில் ரூ.1,08,000 வட்டியாகவே போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அந்தத் தனியார் பள்ளியின் ஓராண்டுச் செலவைக் காட்டிலும் இது அதிகம். உங்கள் மகளின் படிப்புக்கு உண்மையான தடை கட்டணம் அல்ல, வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கும் இந்தப் பழக்கம்தான். ஆகவே படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுவோம்.

நகை மூன்று தனித்தனி ரசீதுகளில் இருப்பது உங்களுக்கு வசதி. சேமிப்பிலிருந்து ஒரு லட்சத்தைக் கட்டி முதல் ரசீதின் இரண்டு பவுனை மீட்டு விற்றுவிடுங்கள். வங்கி நகை மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் பொதுவாகக் கொடுத்திராது என்பதால், ஒரு லட்சத்துக்கு வைத்த நகையின் மதிப்பு அன்றைக்கே சுமார் ரூ.1,33,000 இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விலை ஏறியதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது ரசீதை மீட்டு, அந்த நகையையும் விற்று மூன்றாவது ரசீதை மீட்டால், கடைசி இரண்டு பவுன் உங்கள் பெட்டிக்குத் திரும்பிவிடும். நின்றிருக்கும் வட்டியும் சேதாரக் கழிவும் போகக் கையில் ஏறக்குறைய ரூ.80,000 ரொக்கம் மிஞ்சும், கடன் இருக்காது, மாதம் ரூ.3,000 வட்டிச் செலவு நின்றுவிடும். தங்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது விற்பதா என்று உங்கள் மனம் அடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். நகையை விற்கச் சொல்வது எனக்கும் உவப்பான வேலை அல்ல. ஆனால் மீட்கும் வழியே தெரியாமல் வட்டி கட்டிக் காக்கும் நகை, விலை எவ்வளவு ஏறினாலும் உங்கள் கழுத்துக்கு வரப்போவதில்லை. தம்பி பின்னால் பணம் கொடுத்தால் அது உங்கள் மகளின் பெயரில் வைப்புநிதியாகட்டும்; கொடுக்காவிட்டாலும் உங்கள் திட்டம் குலையாது.

ஜாமீன் கையெழுத்து விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை: உங்கள் கணவர் போடக் கூடாது. கல்விக் கடனில் மகளோடு பெற்றோர் ஒருவர் இணைக்கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். உங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் அவர்தான் அந்த இடத்துக்குப் பொருத்தமானவர். தம்பி இரண்டு தவணை தவறினால் அது ஜாமீன்தாரரான உங்கள் கணவரின் சிபில் பதிவிலும், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றிலும், கறையாக விழும். பிறகு மகளுடைய இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காக நீங்கள் வங்கிக்குப் போகும்போது, தம்பியின் கடை நிலவரத்தை அந்த அதிகாரியிடம் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். அரசு மருத்துவமனைகளோடு இணைந்த நர்சிங் பள்ளிகளில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் இடம் கிடைக்கிறது. செலவும் தனியார் பள்ளியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆகவே சாதி, இருப்பிட, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்ததும் கடைசி நாள் வரை காத்திராமல் விண்ணப்பித்துவிடுங்கள். அந்தத் தரவரிசைப் பட்டியல் வரும்வரை தனியார் பள்ளிக்கு ரூ.25,000 கட்ட வேண்டாம். கட்டியே தீர வேண்டிய நிலை வந்தால், அரசு இடம் கிடைத்தால் எத்தனை நாளில் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது. பணத்தை இழந்ததைவிட, சான்றிதழ் உள்ளே மாட்டிக்கொண்டதால் வேறு இடத்தில் சேர முடியாமல் போனதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கடிதங்கள் வருகின்றன.

பணம் கட்டும் முன் அந்தப் பள்ளியிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, இது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற ஜிஎன்எம் (பொது நர்சிங் மற்றும் மகப்பேறு உதவி டிப்ளமோ) படிப்புதானா என்பது. நர்சிங் உதவியாளர் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் குறுகிய படிப்புகளை முடித்தவர் குழுமத்தில் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாமல் அரசு வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் வழியில்லை. இரண்டாவது, அந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் உண்மையில் நிறைகின்றன என்பது. நோயாளிகளே இல்லாத வார்டில் மூன்று ஆண்டுகள் நின்றால் கை பழகாது, ஒரு நாள் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும். மூன்றாவது, படிப்பு முடிந்ததும் அதே மருத்துவமனையில் இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா, உண்டென்றால் சம்பளம் எவ்வளவு என்பது. இதைப் பலர் கேட்பதே இல்லை, ஆனால் கடனைத் திருப்பும் தெம்பு இதில்தான் இருக்கிறது.

தனியார் பள்ளிதான் என்று முடிவானால் கல்விக் கடன் எடுங்கள். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ரூ.2,70,000. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ரூ.4 லட்சம் வரை சொத்துப் பிணையும் வெளியார் ஜாமீனும் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் கிடையாது. வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.90,000 வீதம் பணம் வெளியே வருவதால், முதலாண்டில் மாத வட்டி சுமார் ரூ.790, இரண்டாம் ஆண்டில் ரூ.1,575, மூன்றாம் ஆண்டிலும் அதற்கடுத்த ஓராண்டிலும் சுமார் ரூ.2,360. தம்பியின் கடனுக்காக நீங்கள் இப்போது கட்டும் ரூ.3,000 இதைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். அதே பணத்தில் படிப்புக் காலத்து வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால், மகள் வேலைக்குப் போகும்போது கடன் ரூ.2,70,000 என்ற அளவிலேயே நிற்கும். ஏழு ஆண்டில் அடைக்க மாதம் சுமார் ரூ.4,550 போதும். வட்டியைச் சேரவிட்டால் கடன் ரூ.3,55,000-ஐத் தொடும், தவணையும் ரூ.6,000 ஆகிவிடும். சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் தொடக்கச் சம்பளமாகப் பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ வாங்கும் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரியது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக அரசுப் பணிக்குப் போனாலும் ஆரம்பத்தில் தொகுப்பூதியம்தான் என்பதை மனதில் வையுங்கள்.

உங்கள் ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம்தான் என்பதால், ரூ.4.5 லட்சம் வரம்புள்ள மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு அந்தப் பள்ளி தகுதி பெறுமா என்று வங்கியில் கேளுங்கள். ஆனால் அது வராது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 அவள் கணக்குக்கே வரும். மூன்று ஆண்டில் அது ரூ.36,000; சீருடை, காலணி, ஸ்டெதாஸ்கோப், கிராமப் பயிற்சிக்கான பேருந்துச் செலவு போன்றவற்றை அதில் சமாளிக்கலாம். கல்விக் கட்டணத்தைச் செயலி வழியாகத் தவணையில் கட்டலாம் என்று பள்ளியே ஒரு நிதி நிறுவனத்தைக் கைகாட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள்; அதில் படிக்கும் காலத்திலேயே முழுத் தவணையும் தொடங்கிவிடும்.

பங்கு ஃபண்டைப் பற்றி அதிகம் பேச எனக்குப் பொறுமையில்லை. சில மாதங்களில் தேவைப்படும் பணத்தை, அதுவும் ஒரே துறையின் பங்குகளில் போடச் சொல்பவர் உங்கள் மகளின் கட்டணத் தேதியைப் பற்றி யோசிக்கவில்லை. மிஞ்சும் ரூ.80,000 சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ இருக்கட்டும்.

ஒரு வேலையை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். வார்டுக்குள் போகும் மாணவிக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி அவசியம். மூன்று தவணைகளையும் போட்டு முடிக்க ஆறு மாதமாகும் என்பதால், முன்பு போட்டதற்கான பதிவு இல்லையென்றால் முதல் ஊசியைச் சேர்க்கைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மூன்று அடகு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், ஒவ்வொன்றிலும் இன்றைய தேதிக்கு எவ்வளவு நிற்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.