கட்சி பிரைமரியில் (அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தலில்) பின்தங்கிவிட்ட வேட்பாளர் கடைசிவரை களத்தில் நிற்பது நியாயமா?

நிற்கலாம். ஆனால் ஆட்டம் பாதியில் இருக்கும்போது விதியை மாற்றச் சொல்லக் கூடாது. பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சி எடுத்து வீசக்கூடிய கல்லைப் பொறுக்கிக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் செய்யாதவரை, கடைசி மாநிலம் ஓட்டுப் போடும்வரை நிற்பது அவர் உரிமை. 2008-ல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஒபாமாவுக்குப் பின்னால் ஓடிய ஹிலாரி கிளிண்டன் இதில் சரியும் செய்தார், தப்பும் செய்தார். அதனால் அந்தப் பந்தயமே இதற்கு நல்ல பாடம்.

முதலில் கணக்கு. அந்தக் கட்சியில் ஒரு மாநிலத்தை ஜெயித்தால் அதன் எல்லா டெலிகேட்டுகளும் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் பிரதிநிதிகள்) கிடைத்துவிடாது. 15 சதவீதம் தாண்டியவர்களுக்கு ஓட்டு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள், அதிலும் பெரும்பகுதி தொகுதி வாரியாக. இருமுனைப் போட்டியில் நான்கு டெலிகேட் உள்ள தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதம் வாங்கினாலும் 2–2 தான். மூன்றாவதைப் பிடிக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஐந்து டெலிகேட் தொகுதியிலோ பாதிக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு கூடினால் 3–2. ஒபாமா தரப்பு இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டு வேலை செய்தது. சின்ன ஐடஹோவில் 15–3 என்று வென்று 12 டெலிகேட் முன்னிலை எடுத்தார்கள். பெரிய நியூஜெர்சியில் 59–48 என வென்ற ஹிலாரிக்குக் கிடைத்த முன்னிலை 11.

இந்த முறையில் பின்தங்கியவர் போட வேண்டிய கணக்கு எளிது. மீதமுள்ள டெலிகேட்டுகளோடு இடைவெளியைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். எட்டிப் பிடிக்கத் தேவையான எண்ணிக்கை அதுதான். ஏப்ரல் 22 பென்சில்வேனியாவுக்கு முன் மீதமிருந்தவை 566, இடைவெளி சுமார் 160. ஆக 363 வேண்டும், அதாவது 64 சதவீதம். பென்சில்வேனியாவில் ஹிலாரி சுமார் 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். டெலிகேட்டில் அது 85–73, வெறும் 54 சதவீதம். மீதி 408 ஆகச் சுருங்கியது, தேவைப்படும் விகிதம் 68-ஐத் தாண்டியது. ஜெயித்த இரவிலேயே நிலைமை மோசமானது! தொலைக்காட்சியில் வெற்றி விழா ஓடும்போது இந்த எண்ணைப் பார்க்கத்தான் பலருக்கு மனசு வராது.

கணக்கு கைவிட்ட பிறகும் நிற்கக் காரணம் உண்டா? உண்டு. முன்னிலையில் இருப்பவர் ஏதாவது ஊழலிலோ உளறலிலோ விழலாம். மே, ஜூனில் ஓட்டுப் போடும் மாநிலங்களுக்கும் தேர்வு வேண்டும். கட்சியின் கொள்கை அறிக்கையில் சில வரிகளை மாற்றப் பேரம் பேசலாம். சூப்பர் டெலிகேட்டுகளிடம் (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் விருப்பப்படி ஓட்டுப் போடும் கட்சிப் பிரமுகர்கள்) ஆதரவு கேட்பதும் அன்றைய விதிக்கு உட்பட்டதே. 2016-ல் ஹிலாரிக்குப் பின்னால் ஓடிய பெர்னி சாண்டர்ஸ் அதைச் செய்தபோது இடித்த விஷயம் வேறு: சூப்பர் டெலிகேட் முறையையே சாடிவந்தவர், பின்தங்கியதும் அவர்களையே தன் பக்கம் வரச் சொன்னார்.

ஹிலாரி தரப்பு சறுக்கிய இடம் மிஷிகன், புளோரிடா. இரண்டும் கட்சி குறித்த தேதிக்கு முன்பே தேர்தல் வைக்க முடிவு செய்ததால் 2007-லேயே அவற்றின் டெலிகேட்டுகள் பறிக்கப்பட்டன. அங்கே பிரசாரம் செய்ய மாட்டோம் என்று ஹிலாரி உட்பட முன்னணி வேட்பாளர்கள் உறுதி கொடுத்தார்கள். மிஷிகனில் ஒபாமா தன் பெயரையே வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். பின்தங்கிய பிறகு இரண்டு மாநிலங்களையும் முழுசாக எண்ணச் சொன்னது ஹிலாரி தரப்பு. டெலிகேட்டுகளைப் பறிக்க ஓட்டுப் போட்ட விதிக்குழுவில் அவருடைய ஆலோசகர் ஹரால்ட் இக்கஸும் ஒருவர். இப்போது எண்ண வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. ‘மக்கள் ஓட்டில் நானே முன்னிலை’ என்ற கணக்கிலும் மிஷிகன் ஓட்டைச் சேர்த்தார்கள், ஒபாமாவுக்குப் பூஜ்ஜியம் போட்டு. மே 31 அன்று விதிக்குழு அந்த மாநிலங்களின் டெலிகேட் ஒருவருக்கு அரை ஓட்டு என்று சமரசம் செய்தது. வெற்றிக்குத் தேவையான எண் 2,118 ஆனது. அப்பீலுக்குப் போகும் உரிமை இருக்கிறது என்று இக்கஸ் அங்கேயே எச்சரித்தார். நல்லவேளை, ஹிலாரி போகவில்லை.

அடுத்த சறுக்கல் பேச்சு. உள்கட்சிப் போட்டியாளரைத் திட்டலாம். சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தைக் கிழிக்கலாம். ‘இவர் பதவிக்கே லாயக்கில்லை, எதிர்க்கட்சிக்காரர் பரவாயில்லை’ என்ற தொனி மட்டும் வரவே கூடாது. குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னுக்கு வாழ்நாள் அனுபவம் இருக்கிறது, ஒபாமாவிடம் இருப்பது 2002-ல் (ஈராக் போரை எதிர்த்து) பேசிய ஒரு பேச்சு என்றார் ஹிலாரி. ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்த வாரத்திலேயே, மெக்கெய்ன் தரப்பு அந்தக் காட்சியை அப்படியே விளம்பரமாக ஓட்டியது. செலவில்லாமல் கிடைத்த சரக்கு, விடுவார்களா?

விலகிய விதம் மட்டும் எடுத்துக்காட்டு. ஜூன் 3 கடைசி வாக்குப்பதிவு, ஜூன் 7 ஆதரவு அறிவிப்பு. ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் இருவரும் ஒரே மேடையில். பிரைமரியில் அந்த ஊர் இருவருக்கும் தலா 107 ஓட்டு போட்டிருந்தது. ஆகஸ்ட் 27 அன்று விரும்பியவருக்கு ஓட்டுப் போடலாம் என்று தன் டெலிகேட்டுகளை விடுவித்தார். மாநாட்டின் மாநிலவாரி வாக்கெடுப்பு நியூயார்க்கை எட்டியதும், வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவைக் குரல் வாக்கில் தேர்ந்தெடுக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. 1980-ல் எட்வர்ட் கென்னடி செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதைய அதிபர் கார்ட்டரிடம் பிரைமரியில் தெளிவாகத் தோற்ற பிறகும், டெலிகேட்டுகள் முதல் சுற்றில் தாங்கள் யாருக்காகத் தேர்வானார்களோ அவருக்கே ஓட்டுப் போட வேண்டும் என்று கட்டிப்போடும் விதியை நீக்கச் சொல்லி மாநாடுவரை போனார். அதிலும் தோற்றார். கடைசி மேடையில் இருவரும் கைகோத்து நிற்பதைப் படமெடுக்கக் காத்திருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். நவம்பரில் கார்ட்டர் ரீகனிடம் தோற்றதற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு, ஆனாலும் அந்த விரிசல் உதவவில்லை.

நடைமுறையில் ஒன்று: விலகுபவர்கள் பெரும்பாலும் ‘பிரசாரத்தை நிறுத்திவைக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள். முறைப்படி விலகினால் மாநில அளவிலான டெலிகேட்டுகள் கைமாறிவிடும் என்பது ஒரு காரணம். 2020 ஏப்ரலில் சாண்டர்ஸ் நிறுத்தியபோது, பைடன் தரப்போடு ஒப்பந்தம் போட்டு அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றைக் காப்பாற்றிக்கொண்டார். மீதி மாநிலங்களின் வாக்குச்சீட்டில் அவர் பெயரும் இருந்தது. யாரும் அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பைடனுக்கு ஆதரவு என்பதை ஐந்தே நாளில் அறிவித்துவிட்டிருந்தார்.