டர்போ வண்டில மேப் சென்சார் போயிடுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பிக்கப் இல்ல, கரும்புகை தள்ளுது, செக் இன்ஜின் லைட்டும் எரியுது, மேப் சென்சார (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்த அளக்குற சென்சார்) மாத்திடலாமான்னு கேக்குறீங்க. அவசரப்பட்டு மாத்தாதீங்க, டர்போ ஹோஸ்ல சின்ன கிழிசல் இருந்தாலும் இதே மாதிரிதான் இழுக்காது.

முதல்ல ஸ்கேனர (வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து ரீடிங் காட்டுற கருவி) போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணி ரீடிங் பாருங்க. கடல் மட்டத்துல சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டணும் (மலை மேல குறையும்), ஏன்னா அப்ப மேனிஃபோல்டுக்குள்ள (இன்ஜினுக்கு காத்து போற குழாய்) இருக்கிறது வெளிக்காத்து அழுத்தம்தான். இங்கயே 20, 250ன்னு உளறுச்சுன்னா சென்சார் இல்லன்னா வயரிங்தான். பெட்ரோல் வண்டின்னா ஐடில்ல 30-40க்கு இறங்கும், டீசல்ல பெருசா இறங்காது, அத பாத்து பயந்துடாதீங்க. லோடுல மிதிச்சா 100 தாண்டி நல்லா ஏறணும். ஏறலன்னா மொதல்ல ஹோஸ், இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்கிற பாகம்) லீக் பாருங்க.

அப்புறம் கனெக்டர கழட்டி மல்டிமீட்டர்ல 5 வோல்ட்டும் எர்த்தும் வருதான்னு பாக்கணும், வரலன்னா புது சென்சார் போட்டும் பிரயோஜனமே இல்ல. சென்சாரையும் கழட்டுனதும் அதோட மூக்கு ஓட்டைய பாருங்க, டீசல்ல தார் மாதிரி கரி அப்பியிருக்கும். சென்சார் கிளீனர் அடிச்சு நல்லா காயவிட்டு மாட்டுங்க, ஊசி கீசி விட்டு குத்திடாதீங்க, உள்ள இருக்கிற மெல்லிசான தகடு போயிடும். சில கேஸ் இதுலயே சரியாயிடும்.