சர்வதேச எரிசக்தி முகவரகம் எதற்காக உருவானது?

"சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் இருந்தும் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம், சர்வதேச எரிசக்தி முகவரகம் ஏன் உதவவில்லை?" என்பது திருகோணமலை அன்பர் ஒருவரின் கேள்வி.

1973 ஒக்டோபரில், அரபு–இஸ்ரேல் போரின்போது அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதித் தடை விதித்ததால், சில மாதங்களிலேயே மசகு எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. விற்கும் நாடுகளுக்கு 1960 முதல் ஒபெக் இருந்தது; வாங்கும் நாடுகளுக்கு அத்தகைய அமைப்பு இல்லாதிருந்த குறையைப் போக்கவே, 1974 நவம்பரில் பரிஸைத் தலைமையகமாகக் கொண்டு இம்முகவரகம் நிறுவப்பட்டது.

இதன் உயிர்நாடி, என் பார்வையில், ஒரே விதிதான்: எண்ணெயை இறக்குமதி செய்யும் ஒவ்வோர் உறுப்பு நாடும், முந்தைய ஆண்டின் நிகர இறக்குமதியில் குறைந்தது 90 நாட்களுக்குரிய அளவைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். 1991 வளைகுடாப் போரிலும், 2005இல் கத்ரீனா சூறாவளியின் பின்னரும், உக்ரைன் போர் மூண்ட 2022இலும் உறுப்பு நாடுகள் கூட்டாக இக்கையிருப்பைத் திறந்துவிட்டன. இன்று புள்ளிவிபரங்கள், தூய எரிசக்தி ஆய்வுகள் ஆகியவற்றையும் அது வெளியிடுகிறது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பைச் சேர்ந்த நாடுகளே இதில் உறுப்புரிமை பெறலாம் என்பதால் இலங்கை உறுப்பு நாடு அன்று. மேலும், திறந்துவிடப்பட்ட எண்ணெய் சந்தைக்கே சென்றது. அதை வாங்கும் டொலர்தான் அன்று நம்மிடம் இருக்கவில்லை. பிரித்தானியர் கட்டிய குதங்களுள் பல நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது வேதனைக்குரியதே. ஆனால் அவற்றை நிரப்பவும் அதே டொலர் தேவைப்பட்டிருக்கும்.